தீபம் வெறும் வெள்ளைப் புள்ளி இல்லை

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரிசையாகப் படங்கள் வந்து கிடக்கும். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், கிரிவலம் வந்து போனவர்கள் என்று எல்லாரும் அனுப்புவார்கள். எல்லாமே ஆசையோடு எடுத்தவை. ஆனால் பெரும்பாலான படங்களில் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். அது தீபமா, செல்போன் டவர் விளக்கா, யாராவது மலைமேல் அடித்த டார்ச்சா என்று சொல்ல முடியாது. மலை இருக்கவே இருக்காது. கறுப்புக்குள் கறுப்பாகக் கரைந்து போயிருக்கும்.

எனக்குத் திருவண்ணாமலைதான் ஊர். இந்த ஒரு படம் சரியாக வரவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பர்வத ராஜகுலத்தார் கொப்பரையைத் தோளில் சுமந்து 2,668 அடி உயர மலைமேல் ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரிக்காக 1,000 மீட்டருக்கும் குறையாத காடாத் துணியும் மேலே போகின்றன. அத்தனை பேர் உழைப்பில் எரிகிற நெருப்புக்கு ஒரு நிறம் உண்டு, உருவம் உண்டு. காற்றடிக்கிற பக்கம் சாயும். அதன் மேலே எழும் புகைகூட அடியிலிருந்து சிவந்து தெரியும். படத்தில் இதெல்லாம் இருக்கவேண்டும். அது நிற்கிற மலையும் இருக்கவேண்டும். மலையையே சிவமாகக் கும்பிடுகிற ஊரில் மலையை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் எடுத்து என்ன செய்ய?

ஆனால் வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் கெடாமல் இருப்பதுதான் கேமராவுக்கு இருக்கிற கஷ்டங்களிலேயே பெரியது. தீபத்தன்று அது உச்சத்துக்குப் போய்விடும்.

ஒரு தீபத்தன்று பக்கத்து மொட்டைமாடியில் புதுக் கேமராவோடு நின்ற பையன் கேட்டான்: "அண்ணே, கண்ணுக்கு ஆரஞ்சாத் தெரியுது, கேமராவுல வெள்ளையா வருதே. லென்ஸ் கோளாறா?"

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி. உன் மீட்டர் மலையைப் பாக்குது, தீபத்தைப் பாக்கல. மேனுவலுக்கு வா."

நடப்பது இதுதான். கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது முழுச் சட்டத்தையும் பார்த்து, மொத்தத்தில் ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தீபச் சட்டத்தில் பெரும்பகுதி இருண்ட மலையும் மங்கும் வானமும்தான். "இருட்டாக இருக்கிறது, வெளிச்சம் போதாது" என்று அது முடிவு செய்து ஷட்டரை நீட்டுகிறது. தீச்சுடரின் உயரம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிலோமீட்டர் தள்ளி நின்று 24 மிமீ லென்ஸில் எடுத்தால் சுடர் ஐந்தாறு பிக்சல் உயரம்தான் வரும். கோடிக்கணக்கான பிக்சல் உள்ள படத்தில் அந்த ஐந்தாறு எரிந்துபோனால் மீட்டருக்கு என்ன கவலை? 200 மிமீ போட்டால் நாற்பது பிக்சல் கிடைக்கும். அப்போதுதான் சுடர் சுடராகத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தூரத்தில் இருப்பதால் நெருப்பின் பிரகாசம் குறைந்திருக்கும், அதனால் கொஞ்சம் கூட்டி வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தூரம் போகப் போக உருவம்தான் சிறுக்கும். சென்சாரில் சுடரின் பிம்பம் விழுகிற இடத்தில், ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட அதேதான். நடுவில் இருக்கிற தூசியும் பனியும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று எடுத்தால் எந்த எக்ஸ்போஷரில் நெருப்பு வெளுத்துப்போகுமோ, தூரத்திலும் ஏறக்குறைய அதே எக்ஸ்போஷரில் வெளுத்துப்போகும்.

சரி, எவ்வளவு வைப்பது? வெளிச்சத்தை அளக்க ஈவி என்று ஓர் அளவு உண்டு. ஓர் எண் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, இதைத்தான் ஒரு ஸ்டாப் என்பார்கள். கொழுந்து விட்டெரியும் நெருப்பு 9 ஈவி என்று பழைய எக்ஸ்போஷர் அட்டவணைகளில் போட்டிருக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 4 வைத்தால் நொடியில் 30-இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 400 என்றால் 125-இல் ஒரு பங்கு. இங்கே தொடங்கி, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம்.

இனிமேல்தான் நம்ம ஊர்க் கணக்கு. டிசம்பர் தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய 5:45-க்கு. தீபம் ஏற்றுவது மாலை 6 மணிக்கு. அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே வந்து காட்சி கொடுக்கிற அந்தச் சில நிமிஷத்தில்தான் உச்சியில் தீ எழும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அடிவானத்துக்கான அளவு அதே அட்டவணைகளில் 9 முதல் 11 ஈவி. நெருப்பு 9, வானம் 9-ஐ ஒட்டி. இரண்டும் ஒரே தட்டில் நிற்கின்றன! வருஷத்தில் இப்படி ஒரு நேரத்தை யார் குறித்தார்களோ, படமெடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் ஊருக்குள் நின்று பார்த்தால் மலைக்குப் பின்னால் மேற்கு வானம் இருக்கும். சூரியன் போன பக்கம் என்பதால் அந்த வானம் கடைசியாகத்தான் இருளும். அதன்மேல் மலையின் விளிம்பு அழகாக வெட்டி நிற்கும்.

ஆனால் இந்தச் சமநிலை நிற்காது. நம்ம அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். மூன்று நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வீதம் வானம் மங்கும். 6:00-க்கு நெருப்பும் வானமும் சமமாக இருந்தால் 6:10-க்கு வானம் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கீழே போயிருக்கும், அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக. நெருப்பு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இதனால்தான் மேனுவல் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். ஆட்டோவில் விட்டால் வானம் மங்க மங்க கேமரா ஷட்டரை நீட்டிக்கொண்டே போகும், கூடவே தீபமும் வெளுத்துக்கொண்டே போகும். மேனுவலில் நெருப்புக்கு ஒருமுறை வைத்ததைத் தொடவேண்டாம். முதல் நிமிஷத்திலேயே "அரோகரா" சத்தத்தில் கை நடுங்கும், கண் கலங்கும். அமைப்புகளைத் தேடுகிற நேரம் அது இல்லை. 5:50-க்கெல்லாம் எல்லாம் வைத்து முடித்திருக்க வேண்டும்.

நெருப்பை ஏன் இவ்வளவு கட்டிக் காக்கச் சொல்கிறேன்? சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தை அளக்கிற ஒரு படி. படி நிறைந்த பிறகு மேலே கொட்டுகிற அரிசிக்குக் கணக்கு கிடையாது. நிறைந்த பிக்சல்கள் எல்லாம் ஒரே எண்ணைத்தான் காட்டும். சுடரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இருந்த வித்தியாசம் அந்த நொடியே தொலைந்தது. பிறகு லைட்ரூமில் ஹைலைட் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர சுடர் திரும்பி வராது.

ஃபிலிம் இப்படி இல்லை. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கூடக் கூட மேல்முனையில் மெல்ல வளைந்து அடங்கும், திடீரென்று வெட்டாது. அதனால் அந்தக் காலத்துப் பாடம் தலைகீழ்: நிழலுக்கு எக்ஸ்போஸ் செய், வெளிச்சத்தை டெவலப் செய்யும்போது பார்த்துக்கொள். ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த சோன் சிஸ்டத்தின் உயிர்நாடி அதுதான். ரமணாசிரமத்துப் பழைய படங்களைப் பாருங்கள். பெங்களூர் ஜி. ஜி. வெல்லிங் 1940-களில் எடுத்த பகவான் ரமணரின் மார்பளவுப் படம் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நரைத்த தலைமுடியும் தாடியும் வெளுத்துத் திட்டாகிவிடாமல் இருக்கின்றன, கண்ணின் கருமையும் மூழ்கவில்லை. 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்கே வந்து எடுத்ததும் ஃபிலிமில்தான். கோவணமும் துண்டும் வெள்ளை, சுற்றி நிழல். இதே சவாலை அவர்கள் ஃபிலிமின் குணம் தெரிந்து சமாளித்தார்கள். நாம் சென்சாரின் குணம் தெரிந்து சமாளிக்கவேண்டும். டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஸ் செய்துவிட்டு நிழலைப் பிறகு தூக்கவேண்டும்.

நிழலைத் தூக்கலாம் என்றதும் படத்தை இஷ்டத்துக்கு இருட்டாக எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிநிலைகள். அதில் பாதி, 8,192, மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படியே இறங்கினால் பத்தாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது வெறும் 16. அதைவிட முக்கியமான காரணம் வெளிச்சத்துக்கே உள்ள இயல்பு. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்கே தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்றத்தாழ்வு 10. நூற்றுக்குப் பத்து, மலை முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ். அதனால்தான் 2003-இல் புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன், ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் எவ்வளவு வலப்பக்கம் தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளுங்கள் என்று எழுதினார். அது இன்றும் நல்ல வழிதான், தீபத்துக்கும் பொருந்தும்: சுடர் வெட்டுப்படாத எல்லைவரை போகவேண்டும், அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம்.

அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நெருப்பில் சிவப்புதான் அதிகம், நீலம் மிகக் குறைவு. எனவே முதலில் நிறைவது சிவப்பு சேனல். அது நிறைந்து நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும்போது ஆரஞ்சு மஞ்சளாகிறது. பச்சையும் நிறைந்து நீலமும் எட்டிப் பிடிக்கும்போது மஞ்சள் வெள்ளையாகிறது. தீபம் ஏன் வெளிறிய மஞ்சளாக வருகிறது என்பதற்குக் காரணம் இதுதான். கேமரா சாதாரணமாகக் காட்டுகிற வெள்ளை ஹிஸ்டோகிராமில் சிவப்பு வெட்டுப்பட்டது தெரியாமலே போகலாம். மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டு சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்த்தால், வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையும் உதவும். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5,200 கெல்வினில் நிறுத்துங்கள், வானம் நீலமாகவும் நெருப்பு நெருப்பாகவும் இருக்கும். கேமரா காட்டுகிற ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்து வரைந்தது. ரா ஃபைலில் அதற்கு மேலும் கொஞ்சம் இடம் இருக்கும், ஆனால் அந்த இடத்தை நம்பிப் போகவேண்டாம் என்பது என் கட்சி. நிக்கான் 2014-இல் டி810-இல் கொண்டுவந்த ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் இப்போது பல கேமராக்களில் வேறு வேறு பெயரில் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் தீவட்டி வெளிச்சத்துக்கு அது பிரமாதம். மலையுச்சித் தீபத்துக்கு மட்டும் மேனுவல்தான்.

எல்லா வெள்ளையையும் காப்பாற்றவேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கிரிவலப் பாதையில் ஒரு அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதை எடுக்கும்போது படம் அவர் முகத்தில் இருக்கிறது. கற்பூரச் சுடரின் நடுப்பகுதி வெளுத்தால் போகட்டும், நெற்றி விபூதி மட்டும் வெளுக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு ராஜகோபுரத்தை எடுத்தால் கிழக்கு வெயில் 217 அடிக்கும் நேராக அடிக்கும். அங்கே வெளிர் நிறச் சுதைவேலையின் மடிப்புகளைக் காக்கவேண்டும், கீழே கருங்கல் வாசலின் உட்புறம் இருண்டே கிடக்கலாம், வாசல் அப்படித்தானே இருக்கும். எந்த வெளிச்சத்துக்காகப் படம் எடுக்கிறோமோ அதைத்தான் காக்கவேண்டும். தீபப் படத்தில் அது தீபம்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து வானத்தைப் பகலாக்கிவிடும். ஜூமைக் கூட்டி, திரையில் தீபத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள், தீபம் ஆரஞ்சாகும்வரை. அதற்குள் மலை கறுத்துவிட்டதே என்று தோன்றும். 6:05-க்கு எடுத்தால் வானத்தின்மேல் மலையின் உருவமாவது கிடைக்கும். ஏழு மணிக்கு எடுத்தால் அதுவும் கிடைக்காது.

ஏழு மணிக்குப் பிறகு என்ன செய்வது? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த நேரம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நிலா கிழக்கே எழுந்து மலையின் கிழக்கு முகத்தில் நேராக விழும். பாறை, புல், ஓடைத் தடம் எல்லாம் மெல்லத் துலங்கும். நிலா வெளிச்சத்தில் நிலப்பரப்புக்கு அளவு -3 முதல் -2 ஈவி. நெருப்பு 9. வித்தியாசம் பதினொன்று பன்னிரண்டு ஸ்டாப், அதாவது 2,000 மடங்குக்கு மேல். நல்ல முழுச்சட்டக் கேமராக்கள் அடிப்படை ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப்வரை அளவில் காட்டினாலும் கண்ணுக்கு நன்றாக இருக்கிற பகுதி அதைவிடக் குறைவு. நெருப்புக்கு வைத்துவிட்டு மலையைப் பதினோரு ஸ்டாப் தூக்கினால் வருவது மலையல்ல, வெறும் நாய்ஸ்.

அதனால் இரண்டு சட்டம். ட்ரைபாடை அசைக்காமல் ஐஎஸ்ஓ 400, எஃப் 4-இல் நெருப்புக்கு 125-இல் ஒரு பங்கு நொடி. மலைக்கு அதே அமைப்பில் 16 நொடி. வீட்டுக்கு வந்து மலைச் சட்டத்தின்மேல் நெருப்பை மட்டும் மாஸ்க் போட்டு வைப்பது. இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே இடம், ஒரே இரவு, ஒரே சட்டம். அங்கே நின்றவர் கண் தீபத்தையும் பார்த்தது, நிலா வெளிச்சத்து மலையையும் பார்த்தது. கேமராவால் ஒரே மூச்சில் முடியாததை இரண்டு மூச்சில் வாங்குகிறோம்.

ராஜகோபுரம், அதற்குப் பின்னால் மலை, உச்சியில் தீபம், அதன் தலைக்கு நேரே பெரிய முழுநிலா என்று வருஷா வருஷம் சுற்றுகிற படம் வேறு வகை. தீபம் ஏற்றும் மாலையில் நிலா கிழக்கே இருக்கும். கோபுரத்தின் முன்னால் நின்று மலையைப் பார்ப்பவருக்கு அது முதுகுப் பக்கம். மறுநாள் விடிவதற்கு முன் நிலா மேற்கே சாயும்போது மலைக்குப் பின்னால் போக வாய்ப்புண்டு, அதற்குச் சரியான இடம் தேடி நின்று உண்மையாகவே எடுக்கலாம். மாலை வானத்தில் அதை ஒட்டவைப்பது இந்த ஊரின் திசையையே மாற்றி எழுதுவது. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

நிழலைத் தூக்குவதிலும் ஓர் அளவு வேண்டும். மலைச் சட்டத்தை இன்னும் நீட்டினால் பட்டப்பகல்போல் பச்சை தெரியும், செய்யாதீர்கள். பாறைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் கொஞ்சமாவது தெரிந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த மாதம் 13-ஆம் தேதி தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. எல்லாரும் கீழே நின்றுதான் பார்த்தோம். அந்த வருஷத்துப் படங்களில் மலையைக் கறுப்பாக விட்டவர்கள் மண் சரிந்த அந்தச் சரிவையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். இருட்டுக்குள் இருப்பதும் ஊரின் கதைதான்.

தீபத்தன்று கூட்டத்தில் ட்ரைபாட் வைக்க இடம் கிடைக்காது, வைப்பதும் மற்றவர்களுக்கு இடைஞ்சல். அன்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, 6:05-க்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு திருப்தியாக இருங்கள். தீபம் 11 நாள் மலைமேல் காட்சி தரும். இரண்டாம் மூன்றாம் நாளில் கூட்டம் கலைந்திருக்கும், நெருப்பும் அந்தி வானமும் அதே கணக்குதான். நிலா மட்டும் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக எழும். பௌர்ணமி தாண்டி இரண்டு நாள் ஆனால் அந்தி அடங்கியதற்கும் நிலா வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் முழு இருட்டு இருக்கும். அதற்குள் நெருப்புச் சட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, மாடியில் யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். நிலா வீட்டுக் கூரைகளுக்கு மேல் நன்றாக ஏறிய பிறகு 16 நொடியில் மலையை எடுங்கள். நடுவில் ட்ரைபாடை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் குழந்தைகள்.